பின்கதவுக்கு உப்புப் போடாத காலை

அநியாயம் நடந்தது திலகராசா அண்ணைக்கு. செய்தது நான், ஒரு தாளில், நீல மையில், ஒரே வரியில். பின்கதவுக்கு உப்புப் போடவில்லை, முடிவெடுத்தவர் திலகராசா. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான். முதற்பாதி உண்மை. முதற்பாதி உண்மையாக இருந்தபடியால் இரண்டாம் பாதியை ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை, அந்த இரண்டாம் பாதியால் ஒரு மனிதனுக்கு வேலை போய்விட்டது, குளிர்காலத்தின் நட்டநடுவில், எல்லாக் கொம்பனியும் ஆள் எடுத்து முடித்துவிட்ட மாதத்தில். இப்போது ஒன்பது இருபத்தைந்து. பத்து மணிக்கு அந்தத் தாளைப் பற்றிக் கேட்க இன்சூரன்ஸ்காரி போனில் கூப்பிடுவாள். அதற்குள் இந்தப் பிளாசாவின் முன்பக்கம், மருந்துக்கடையோடு வளைகிற பக்கப்பாதை, பிறகு பின்பக்கம், எல்லாவற்றுக்கும் ஐஸ் உருக உப்புப் போட்டு முடிக்கவேண்டும். திலகராசா அண்ணையின் இடத்துக்கு எடுத்த புது ஆள் இன்றைக்கு வரவில்லை, வயிற்றுக்குள் ஏதோவாம், கொம்பனி நடத்துகிற மாமா விடிய எனக்குக் கோல் எடுத்து, நீ ஒருக்காப் போட்டுவிட்டு வா, உனக்குக் கம்பஸ் மத்தியானம்தானே என்றார். நான் ஓமென்றேன். ஸ்காபரோவில் இத்தனை பிளாசா இருக்க இதற்கே வந்து நிற்கிறேன். அவர் தள்ளிய வண்டியைத் தள்ளுகிறேன். பிடியில் அவர் சுற்றிய கறுப்பு ஒட்டுநாடா இன்னும் கிடக்கிறது, குளிரில் இரும்பு கையை இழுக்குமென்று சுற்றியது, என் கையுறை அதில் ஒட்டி ஒட்டி விடுபடுகிறது. சக்கரம் உருள அடியில் உள்ள தட்டு சுழன்று உப்பை இரண்டு பக்கமும் எறிகிறது. பச்சைச் சாயம் போட்ட உப்பு. பல்லிடுக்கில் மணல் அகப்பட்ட மாதிரிச் சத்தம். மைனஸ் ஒன்பது, காற்று வேறு. மூக்குக்குள் மயிர் விறைத்து நிற்பது தெரிகிறது. நல்லது. நோகட்டும். இல்லை, இது என்ன மலிவான நினைப்பு, என் மூக்கு விறைத்தால் அவருக்கு வேலை கிடைத்துவிடுமா, கொஞ்ச நேரம் குளிரில் நின்றுவிட்டுக் கணக்குத் தீர்ந்தது என்று வீட்டுக்குப் போகிற ஆட்களைப் பற்றி நானே எத்தனை தரம் வாய் கிழியப் பேசியிருக்கிறேன்.

சேலைக்கடை, நகைக்கடை, வாகனம் பழக்குகிறவரின் அறை, சலூன், அதற்கடுத்தது ரேக் அவுட் சாப்பாட்டுக்கடை. கண்ணாடியில் அந்த அறிவிப்பு இன்னும் ஒட்டியிருக்கிறது. இடியப்பம் இல்லை. முதலில் இன்று இடியப்பம் இல்லை என்று எழுதியிருந்தார்கள், மூன்றாம் நாளோ நாலாம் நாளோ யாரோ இன்று என்பதை மட்டும் வெட்டிவிட்டார்கள். வெட்டிய கோடு நேராக இருக்கிறது, அடிமட்டம் வைத்து வெட்டியிருக்கவேண்டும். கலைமதி அக்காவின் வலது கை. அந்தக் கடையின் சமையலறையில் பதினொரு வருசமாக இடியப்பம் பிழிகிற கை. குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் வெளியே வந்தவ, இரண்டாவது அடியில் விழுந்தவ, கையை ஊன்றினவ. மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு, தகடு வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் நான் பிறகு கேள்விப்பட்டது. நான் நேரே பார்த்தது பை கிழிந்து சிந்திய வெங்காயத் தோலை மட்டும்தான். ஐஸுக்கு மேலே வெங்காயத் தோல், ஊதா நிறத்தில், அவவின் ஒரு செருப்பு. நாங்கள் திரும்பி வந்து சேர அம்புலன்ஸ் போய்விட்டது. திலகராசா அண்ணை வாளியோடு நின்று உப்பை அள்ளி அள்ளிப் போட்டார், தேவைக்கு மேல், வெள்ளையாகும்வரை, செருப்புக்கு மேலும் போட்டார். அப்போது ஒரு தரம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை ஒன்பது நாளாக நான் மொழிபெயர்க்கிறேன். கோபம் என்று ஒரு நாள், பயம் என்று ஒரு நாள், பரவாயில்லைப் பிள்ளை என்று ஒரு நாள். பரவாயில்லை என்பதுதான் எனக்கு வசதி, அதனால் அதையே கூடுதலாக வைத்துக்கொண்டேன்.

திலகராசா அண்ணையின் பெயரை எழுதிய அந்தத் தாளை உருவாக்கியதும் நான்தான். அதுதான் விசேஷம். போன நவம்பரில் மாமாவின் கொம்பனியில் நான் சேர்ந்தபோது, என் வேலை கூடவே போய்ப் படம் எடுப்பதும் குறிப்பு எழுதுவதும். யாராவது விழுந்து வழக்குப் போட்டால் காட்டுவதற்கு. எத்தனை மணிக்கு வந்தோம், எத்தனை பாகை, எங்கே தள்ளினோம், எங்கே உப்புப் போட்டோம். பழைய தாள்களைப் புரட்டினேன், மூன்று குளிர்காலத்துத் தாள்கள், ஒவ்வொன்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: இரண்டாம் சுற்று, எல்லா இடமும் உப்புப் போட்டது. மழை பெய்த நாளிலும் உப்புப் போட்டது. ட்ரக் பழுதாகி நின்ற நாளிலும் உப்புப் போட்டது. எல்லோரும் அப்படித்தான் எழுதுவது, வழமை, வந்த உடனேயே அந்த வரியை எழுதி வைத்துவிட்டுத்தான் ட்ரக்கை விட்டு இறங்குவார்களாம். நான் விடவில்லை. இது பொய் என்றேன். மாமா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார், எங்கட வக்கீலம்மா வந்திட்டா, இனி ஐஸும் எங்களிட்டக் கேட்டுத்தான் உறையும் என்றார். அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள், திலகராசா அண்ணையும் சிரித்தார். சிரிக்கட்டும் என்று நான் புதுத்தாள் அடித்தேன். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு கட்டம். போட்டதா, போடவில்லையா. போடவில்லையென்றால் முடிவெடுத்தவர் யார். அந்தக் கடைசிக் கட்டம் என் சொந்த யோசனை. வேலை செய்கிற மனிதன் சொன்னதைச் செய்கிற இயந்திரம் இல்லை, அவனுடைய முடிவுக்கும் தாளில் ஓர் இடம் வேண்டும், அதில் அவன் பெயர் வேண்டும் என்று பத்து நிமிசம் பேசினேன். மரியாதை என்ற சொல்லை நாலைந்து தரம் சொல்லியிருப்பேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, பேசி முடித்ததும் திலகராசா அண்ணை கேட்டார், பிள்ளை, அப்ப உந்தக் கட்டத்துக்குள்ள கேதீசின்ர பேர் எப்பவாவது வருமோ என்று. கேதீஸ் என்றால் மாமா. பகிடிக்குத்தான். நான் அதைப் பகிடியாகவே எடுத்துக்கொண்டேன்.

வண்டி நிற்கிறது. தட்டுக்குள் கட்டி ஒன்று அகப்பட்டிருக்கிறது. உப்பு ஈரம் பட்டால் கட்டிப்படும், அண்ணை ஸ்குரூ டிரைவரின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டுவார், நான் காலால் உதைக்கிறேன். அன்றைக்கு ட்ரக்கின் கதவுப்பிடியில் அவர் கை இருந்தது. எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்கிறேன். காலை எட்டரை, இரண்டாம் சுற்று, நல்ல வெயில், பார்க்கிங்கில் தண்ணி ஓடத் தொடங்கியிருந்தது. முன்பக்கம் முடித்து ட்ரக்குக்குள் இருந்தோம். நான் அந்த வாரம் ஓடைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன், இந்த நகரத்தில் போடுகிற உப்பெல்லாம் எங்கே போகிறது, நத்தைக்கு என்ன ஆகிறது, மீன் முட்டைக்கு என்ன ஆகிறது. அதை முழுக்க அவருக்குச் சொன்னேன். ஒரு கோப்பிக் கோப்பையளவு உப்பு பத்து நடைபாதைக் கல்லுக்குப் போதும் அண்ணை, நாங்கள் வாளி வாளியாகக் கொட்டுகிறோம், வழக்குக்குப் பயந்து ஓடையைக் கொல்லுகிறோம் என்றேன். அவர் மயிலிட்டிக்காரர், மீன்காரக் குடும்பம். எங்கட மீனெல்லாம் உப்புத் தண்ணிக்குள்ளதானே பிள்ளை கிடந்தது, உங்கட கனடா மீனுக்குத்தான் பிரசரோ என்றார். நான் சிரித்துவிட்டு விடாமல் பிடித்தேன். அப்போதுதான் அவர் கதவுப்பிடியில் கையை வைத்தார். பின்கதவுக்கு ஒரு பிடி எறிஞ்சிட்டு வாறன், அது வெயில் படாத சுவர், மேலயிருந்து குழாய் சொட்டுது என்றார். நான் போனை எடுத்துக் காட்டினேன். பிளஸ் இரண்டு. மத்தியானம் பிளஸ் நாலு. உறையிறதுக்கு வழியே இல்லை, எதுக்கு அண்ணை சும்மா, பழக்கத்துக்கோ என்று கேட்டேன். பழக்கத்துக்கோ என்று கேட்டதில் ஒரு குத்தல் இருந்தது, எனக்கே தெரியும், அவரும் மற்றவர்களைப் போலத்தானோ என்ற குத்தல். அவர் குதிக்காலால் தட்டிப் பார்க்கிற ஆள். நிலத்தில் இறங்கி, குதிக்காலால் இரண்டு தட்டு, சத்தத்தை வைத்தே சொல்லுவார் அடியில் என்ன கிடக்கிறதென்று. போனைப் பார்த்தார். பிடியில் கை இருந்தது. சுவர் சூடாகிறதுக்குப் பங்குனி வேணும் பிள்ளை என்றார், மெல்ல, கேள்வி மாதிரி. நான் பதில் வைத்திருந்தேன். எனக்கு எதற்குத்தான் பதில் இல்லை. சொன்னேன். அவர் கையை எடுத்தார். சரி, படிச்ச பிள்ளை சொல்லுறீர் என்றார். ஏதோ பட்டன் ஒன்றைத் திருத்துகிற மாதிரி அந்தக் கையைச் சட்டைக்குக் கொண்டுபோனார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைத்தான் ஒருவருக்கும் சொல்லவில்லை, இனியும் எப்படிச் சொல்லுவதென்று தெரியவில்லை. ஒரு விவாதத்தில் வென்ற சந்தோஷம், ஓடைக்காக இல்லை, நத்தைக்காகவும் இல்லை. அந்தச் சந்தோஷத்தோடுதான் தாளை மடியில் வைத்து எழுதினேன். பின்கதவு, போடவில்லை. உண்மையை எழுதுகிறேன் என்ற பெருமை வேறு. முடிவெடுத்தவர் என்ற கட்டத்தில் ஓட்டுநரின் பெயரைத்தானே எப்போதும் எழுதுவது, கை பாட்டுக்கு எழுதியது. கீழே ஒப்பம் வைக்கக் கொடுத்தேன். அவர் வாசிக்கவில்லை. பிள்ளை எழுதினால் சரியாக இருக்கும் என்று வாசிக்காமலே வைத்தார்.

சரி, இதை இப்படிப் பார்க்கலாம். எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? குழாய் உடைந்து கிடப்பதாக இரண்டு தரம் பிளாசா உரிமையாளருக்கு எழுதியிருக்கிறோம், படத்தோடு, அந்த ஆள் திருத்தவில்லை. பதினொரு பிளாசாவுக்கு இரண்டு ட்ரக் வைத்து ஓட்டுகிறவர் மாமா, நின்று பார்க்க ஒருவருக்கும் நேரம் கொடுப்பதில்லை. கோப்பிக் கோப்பை விசயத்தை எனக்குச் சொன்னது விரிவுரையாளர், சுவரின் நிழலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரேக் அவுட்காரர் சமையலறைக்காரருக்குச் சரியான சப்பாத்து வாங்கிக் கொடுத்திருக்கவேண்டும், செருப்போடு குப்பை போட அனுப்புகிற முதலாளி எப்படிப்பட்டவன்? எல்லாம் உண்மை. ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து அரை மணி நேரம் மேடையில் பேசுவேன், கை தட்டுவார்கள். ஆனால் எல்லா உண்மையையும் அடுக்கிவிட்டு அதற்குப் பின்னால் குந்திக்கொண்டிருப்பது யார் என்று பார்த்தால் நான். கதவுப்பிடியில் கையை வைத்தவர் ஒருவர், கையை எடுக்க வைத்தவள் ஒருத்தி. இதில் உரிமையாளர் எங்கே வந்தார். என் கணினியில் ஒரு கடிதம் பாதியில் நிற்கிறது. திலகராசா எங்கள் நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை செய்கிறார், பொறுப்பானவர், தொடர்ந்தும் வேலை செய்வார். அவருடைய மனைவியையும் மகளையும் வவுனியாவிலிருந்து கூப்பிடுகிற அலுவலுக்கு வக்கீல் கேட்ட கடிதம், நான் அடித்து மாமா கையெழுத்து வைக்கவேண்டியது. மகளுக்கு எத்தனை வயதென்று எழுதவேண்டுமோ என்று கேட்டதற்கு, எழுதுங்கோ பிள்ளை, பன்னிரண்டு, நான் வரேக்க நாலு என்றார். பொறுப்பானவர் என்ற சொல்லில் கேர்சர் துடித்துக்கொண்டு நிற்கிறது. விழுந்ததற்கு மறுநாள் காலையில் மாமா அவரை வேலையால் நிற்பாட்டினார். கடிதத்தைப் பற்றிக் கேட்டதற்கு, நிற்பாட்டின ஆளுக்கு என்னெண்டு பிள்ளை தொடர்ந்தும் வேலை செய்வார் எண்டு எழுதுறது, பொய்யெல்லோ என்றார். பொய் கூடாது என்று அந்த அலுவலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

சலூன்காரர் கதவைத் திறந்து தலையை நீட்டுகிறார். என்ன தங்கச்சி, திலகர் எங்க, கொம்பனியை நீங்களே எடுத்திட்டியளோ என்கிறார். அவர் நின்றிட்டார் என்கிறேன். நின்றிட்டார். கேளுங்கள் இந்தச் சொல்லை. தானாக நின்ற மாதிரி, பஸ் நிற்கிற மாதிரி. வாய்க்கு எவ்வளவு வசதியான சொல்லெல்லாம் தமிழில் தயாராக இருக்கிறது. அந்தாள் இருக்கேக்க வழுக்கினதே இல்லை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறார், பிறகு அதற்குள் இருந்தே, ஒருக்காத்தான், என்று கையைக் காட்டுகிறார். ஒருக்காத்தான். ஒன்பது நாளில் நான் அவருக்கு ஒரு தரமும் போன் எடுக்கவில்லை. எழுதினேன், அழித்தேன். முதல் எழுதியது நீளமான மன்னிப்பு, வாசித்தால் எனக்கே கூசியது, பாதிக்கு மேல் நான் எவ்வளவு வேதனைப்படுகிறேன் என்பதுதான் இருந்தது. பிறகு எழுதியதில் சட்டம் இருந்தது, தொழிலாளர் உரிமை இருந்தது, அவர் என்ன செய்யலாமென்று ஆறு வழி இருந்தது, நான் என்ன செய்வேனென்று ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு உண்மையிலேயே விளங்காதது ஒன்று. மாமா கூப்பிட்டுக் கேட்டபோது அவர் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை? பிள்ளைதான் வேண்டாமென்றது என்று ஒரு வசனம் போதும். சொல்லவில்லை. பேசாமல் தன் தொப்பியை எடுத்துக்கொண்டு போனாராம். என்னைக் காப்பாற்றியிருக்கிறார். படிக்கிற பிள்ளை, சட்டம் படிக்கப் போகிற பிள்ளை, பெயர் கெடக்கூடாது என்று. இதை நினைத்து இரண்டு தரம் அழுதிருக்கிறேன், குளியலறையில், தண்ணியைத் திறந்துவிட்டு. பிறகு கோபம் வந்தது. அவரிலேயே கோபம். யார் கேட்டது இந்தத் தியாகத்தை? தன்னையே பலிகொடுத்துக்கொண்டு பேசாமல் போகிற இந்த ஆம்பிளைப் பெருந்தன்மை இருக்கிறதே, அது எதிராளியின் வாயையும் அல்லவா அடைத்துவிடுகிறது. அப்படி நினைத்துக்கொண்டுதான் இன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு, ட்ரக்கை இந்தப் பிளாசாவுக்குள் திருப்பி நிற்பாட்டியதும், ஒரே வரி எழுதி அனுப்பினேன். அண்ணை, நீங்கள் ஏன் என்ர பேரைச் சொல்லேல்லை. மன்னிப்பு இல்லை, சுகமோ இல்லை. ஒரு குற்றச்சாட்டு மாதிரித்தான் இருந்தது, அனுப்பிய பிறகு பார்த்தால். இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது. வாசித்துவிட்டார். பதில் இல்லை.

பக்கப்பாதையில் காற்று நேரே வருகிறது. ஒரு மூலையில் வாரக்கணக்காகத் தள்ளிக் குவித்த ஸ்னோ மலையாகி, கறுத்து, ஒரு தள்ளுவண்டியின் பின்பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்பது நாற்பத்தொன்பது. நேற்றுப் பின்னேரம் மாமா சொன்னதைக் காற்றும் சொல்லுகிறது, மெல்லிய குரலில், பாசமாக, அவருடைய பாசம் பொய் இல்லை, அதுதான் கஷ்டம். நான் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஸ்னோவுக்குள்ளால் அம்மாவைக் கொண்டுபோனவர் அவர். "நீ ஒண்டையும் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். தாளில என்ன கிடக்கோ அதை வாசி. வாசிக்கிறது பொய்யோ?" பொய் இல்லை மாமா. இன்சூரன்ஸ்காரி நான் சொல்லுவதைப் பதிவு செய்வாளாம். பதிந்தால் பிறகு மாற்றமுடியாதாம், மாற்றினால் இரண்டு வாக்குமூலம் என்று வக்கீல்மார் பிடித்துக்கொள்ளுவார்களாம். அப்படியென்றால் பத்து மணிக்கு நான் வாயால் எதை வாசிக்கிறேனோ அதுதான் நடந்தது. திலகராசா என்றொரு ஆள், உப்புப் போட வேண்டாமென்று முடிவெடுத்தார். அந்த ஆள் இனி எந்தக் கொம்பனியில் போய்க் கேட்டாலும் கோல் எடுத்து விசாரிப்பார்கள், இந்த ஊரில் ஸ்னோ தள்ளுகிற தமிழ்க் கொம்பனிக்காரர் எல்லோரும் ஒருவருக்கொருவர் கலியாண வீட்டில் சந்திக்கிறவர்கள். கடிதம் பாதியில் நிற்கும். அங்கே பன்னிரண்டு பதின்மூன்றாகும்.

பின்பக்கம். நான் இதைக் கடைசிக்கு விட்டிருக்கிறேன், அவர் இதைத்தான் முதல் செய்வார். வெயில் இல்லை. சுவர் நீலமாக இருக்கிறது, குளிர் அதற்குள் இருந்து வருகிறது. குழாய் இன்னும் திருத்தவில்லை. நுனியில் என் கை நீளத்துக்கு ஐஸ், அதற்குக் கீழே நிலத்தில் கண்ணாடி மாதிரி ஒரு வட்டம், கறுப்பாக, நிலத்தைப் போலவே. பார்த்தால் ஒன்றுமில்லை. குதிக்காலால் தட்டுகிறேன். ஒன்று, இரண்டு. எனக்குச் சத்தம் விளங்கவில்லை. தட்டிய கால் தானாக ஒரு சாண் வழுக்கிப் போகிறது, வண்டியைப் பிடித்துக்கொள்கிறேன், இவ்வளவுதானா, இவ்வளவு சின்ன விசயமா, கலைமதி அக்காவுக்கும் இப்படித்தானே, பிடிக்க வண்டி இல்லை, கையில் வெங்காயத் தோல். பொக்கற்றுக்குள் போன் அதிர்கிறது. இன்சூரன்ஸ்காரி இல்லை. அவர். எழுதவில்லை, பேசி அனுப்பியிருக்கிறார். ஐம்பத்திரண்டு விநாடி. கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றுகிறேன், உப்புக் கரிக்கிறது. பின்னால் ரிவி சத்தம், யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம், பிறகு அவர் தொண்டையைச் செருமுகிற சத்தம்.

"பிள்ளை, நீர் கேட்டிருந்தீர் ஏன் பேர் சொல்லேல்லை எண்டு. நான் சொன்னனானே. அண்டைக்கு மத்தியானமே கேதீசிட்டச் சொன்னனான். நான் போடுவம் எண்டனான், பிள்ளை வேண்டாம் எண்டது, நானும் கேட்டிட்டு விட்டிட்டன், ரெண்டு பேரிலயும் பிழை எண்டு. அவர் சொன்னார், தாளில உன்ர பேர்தானே கிடக்கு, அது அவள் எழுதினதுதானே எண்டு. உமக்குத் தெரியும் எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தன். தெரிஞ்சுதான் பேசாம இருக்கிறீர் எண்டு. சரி விடும். புதுப் பெடியன் வந்தவனோ? அந்தக் குழாய்க்குக் கீழ கொஞ்சம் கூடப் போடச் சொல்லும்."

திரும்பப் போட்டுக் கேட்கவில்லை. தேவையில்லை. சொன்னனானே என்ற சொல்லில் ஒரு சின்ன ஆச்சரியம் இருந்தது, கோபம்கூட இல்லை, தியாகமும் இல்லை. பெருந்தன்மை, பலி, காப்பாற்றுவது, எல்லாம் நான் தைத்து அவருக்குப் போட்டுவிட்ட சட்டை. குளியலறையில் தண்ணியைத் திறந்துவிட்டு அழுதது அந்தச் சட்டைக்காக. அந்த மனிதன் வாய் திறந்து சொல்லியிருக்கிறார், உள்ளதைச் சொல்லியிருக்கிறார், தன் பங்கையும் சேர்த்து. என் தாள் அவர் வாயைவிடப் பெரிதாக இருந்தது. பிறகு வீட்டுக்குப் போய், நான் எல்லாம் தெரிந்துகொண்டு பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஒன்பது நாள் இருந்திருக்கிறார். நினைத்தது பிழையா? தெரியாமல் பேசாமல் இருந்தேன் என்று வாதாடலாம். வாதாடிப் பார்க்கிறேன், எழும்பி நிற்கிறேன், எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை, சுவர்தான் இருக்கிறது, சுவர் சூடாகிறதுக்குப் பங்குனி வேணும். தெரிந்திருந்தால் மட்டும் பேசியிருப்பேனா? மாமா. வாசிக்கிறது பொய்யோ என்று கேட்டவர், அதைக் கேட்கும்போது எல்லாம் தெரிந்துகொண்டு கேட்டிருக்கிறார், என் தலையைத் தடவிக்கொண்டு. வண்டியில் கொளுவியிருந்த வாளியை எடுத்து, வெறுங்கையால் அள்ளி, குழாய்க்குக் கீழே போடுகிறேன். ஒரு கோப்பைக்கு மேல் போய்விட்டது. இன்னும் ஒரு பிடி. கை எரிகிறது. பச்சை உப்பு அந்தக் கண்ணாடி வட்டத்தில் விழுந்து, கொஞ்சம் பொறுத்து, கீச்சென்று மெல்லிய ஒலியோடு உள்ளே இறங்கத் தொடங்குகிறது, ஐஸ் வாய் திறக்கிற மாதிரி. போன் அடிக்கிறது. பத்துக்கு ஒரு நிமிசம் இருக்கிறது. இன்சூரன்ஸ்காரி தன் பெயரைச் சொல்லுகிறாள், என் பெயரைச் சரியாக உச்சரிக்க முயற்சி செய்கிறாள், சாம்பவி, ஓம் சரிதான், பதிவு செய்யச் சம்மதமா, சம்மதம். நல்ல குரல், அவசரப்படுத்தாத குரல். திகதி, நேரம், எத்தனை பாகை. பிளஸ் இரண்டு. உங்களிடம் தாள் இருக்கிறதா என்கிறாள். ட்ரக்குக்குள் இருக்கிறது, எனக்கு அது தேவையில்லை என்கிறேன். ஓடை, நத்தை, உடைந்த குழாய், பதினொரு பிளாசா, இரண்டு ட்ரக், செருப்பு, எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நிற்கின்றன, பேச்சுப்போட்டிக்கு வந்த பிள்ளைகளைப் போல, ஒவ்வொன்றும் தன்னைக் கூப்பிடச் சொல்லிக் கையைத் தூக்குகிறது. அப்போது அவள், தாளின் பிரதியைத் தான் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் கடைசிக் கட்டத்தில் ஒரு பெயர் இருப்பதாகவும் சொல்லி, அந்தப் பின்கதவுக்கு உப்பு வேண்டாமென்று முடிவெடுத்தது திலகராசாதானா என்று கேட்கிறாள்.

"இல்லை. அவர் போடவேண்டுமென்றார். வேண்டாமென்றது நான், அவர் பெயரை அதில் எழுதியதும் நான், இது என் மாமா கேதீஸ்வரனுக்கு அன்றைக்கே தெரியும்."